பழைய கேமரா, பறக்கும் பைக்

கல்யாண போட்டோகிராபர்கள் எல்லாரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் கழுத்தில் பத்து வருஷம் தொங்கிய டிஎஸ்எல்ஆர்கள் இப்போது ஸ்டூடியோ அலமாரிகளிலிருந்தும் ஓஎல்எக்ஸிலிருந்தும் வரிசையாக விலைக்கு வருகின்றன. கேனன், நிகான் இரண்டுமே 2020-ல் கடைசி டிஎஸ்எல்ஆர்களை வெளியிட்டுவிட்டு அந்தக் கடையைக் கட்டிவிட்டன. அதனால் ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தவணையில் வாங்கிய கேமரா, இன்று ஒரு நடுத்தர செல்போன் காசுக்குக் கிடைக்கிறது.

வாங்குவது சரி, எதை எடுப்பது? குழந்தையின் பிறந்தநாள் படத்துக்குச் செல்போனே போதும். பழைய கேமரா இன்றைக்கும் செல்போனைத் தூக்கிச் சாப்பிடுகிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது மோட்டார் ரேஸ் என்பது என் கட்சி. பழைய டிஎஸ்எல்ஆரின் பெரிய குறை, வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருவது. நம் ஊர் ரேஸ் பெரும்பாலும் பட்டப்பகலில் நடக்கிறது. ஐஎஸ்ஓ 100, 200-ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. அந்தக் கேமராவின் பெரிய பலம், ஓடுகிற பொருளை விடாமல் துரத்துகிற ஃபோகஸும், கண்ணாடி வழியாக நேரே தெரிகிற வ்யூபைண்டரும். ரேஸுக்கு வேண்டியவை அவை இரண்டும்தான்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை. ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. காலையிலிருந்து வெர்னியரும் கேஜுமாக அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவன். வீடு ஸ்ரீபெரும்புதூர். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டி ஓடினால் காற்று வாக்கில் சத்தம் கேட்கும். ஆக, எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த டிராக்கைப் பற்றி இரண்டு வரி. இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுபாதை ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. மெட்ராஸில் கார், பைக் ரேஸ் என்றால் பல வருஷங்களுக்கு அந்த ஓடுபாதைதான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் போட்டது, 1990-ல் திறந்தார்கள். சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவில் ரேஸ் படம் பழக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்காரனுக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் அதிகம் வாய்க்கவில்லை.

இனி கேமரா. நான் வைத்திருப்பது கேனன் 7டி. 2009-ல் வந்த மாடல். 18 மெகாபிக்சல், நொடிக்கு 8 படம், பத்தொன்பது ஃபோகஸ் புள்ளிகள். உடம்பு மெக்னீசியம் கலவை. கையிலிருந்து நழுவினால் கேமராவைவிடத் தரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் வாங்கினேன்.

"அண்ணே, எவ்வளவு கிளிக் ஓடியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு தம்பி கணக்கு வெச்சா? ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் போடுவோம்."

"வருஷத்துக்கு எத்தனை கல்யாணம்ணே?"

அவர் சிரித்தார். கணக்கு போட்டால் எனக்கு விலை குறையும் என்று அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு நாற்பது முகூர்த்தம் என்றாலே எண்பதாயிரம் கிளிக். 7டி-யின் ஷட்டரை ஒன்றரை லட்சம் கிளிக்குக்குச் சோதித்திருப்பதாகக் கேனன் சொல்கிறது. அதன்படி இரண்டே வருஷத்தில் ஆயுள் முடிய வேண்டும். ஆனால் அந்த எண் மரணத் தேதி இல்லை. இரண்டு லட்சத்தைத் தாண்டி ஓடுகிற ஷட்டரும் உண்டு, ஐம்பதாயிரத்தில் நின்றதும் உண்டு. ஷட்டர் கவுண்ட்டை விலை பேசுவதற்கான ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம், அதுவே தீர்ப்பு ஆகாது. நிகான் என்றால் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அந்த எண் பதிவாகியிருக்கும். ஒரு படம் எடுத்து கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடும். கேனனின் பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் அது இருக்காது. கேபிள் மாட்டி அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

எண்ணைவிட எனக்கு முக்கியம் பொருள். முதலில் கார்டு போடும் பொந்து. 7டி போன்ற பழைய மாடல்கள் சிஎஃப் கார்டு கேட்பவை. உள்ளே மெல்லிய ஊசிகள் வரிசையாக நிற்கும். அவசரத்தில் கார்டைக் கோணலாகத் திணித்து ஒரு ஊசி வளைந்திருந்தாலும் அந்த கேமராவைத் தொடாதீர்கள். டார்ச் அடித்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அடுத்து மெனுவில் பேட்டரி தகவல். ஒரிஜினல் பேட்டரியாக இருந்தால் அதன் சார்ஜ் ஏற்கும் திறனைச் சின்னக் கட்டங்களாகக் காட்டும். மூன்றும் பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் புது பேட்டரி காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பிறகு சென்சார். லென்ஸின் துளையை எஃப் 22-க்கு இறுக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தூசி என்றால் ஊதுபந்தால் நாலு ஊது ஊதியதும் சில புள்ளிகள் இடம் மாறும், சில காணாமல் போகும். எத்தனை ஊதினாலும் அசையாமல் கோடாக நின்றால் கீறல். கல்யாண மண்டபத்தில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்ட கேமராவில் தூசி இருப்பது குற்றமில்லை. சுத்தம் செய்துகொள்ளலாம். ஆனால் ரேஸ் படத்துக்கு இந்தச் சோதனை மற்றவர்களைவிட நமக்குக் கூடுதல் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசியாக, கேமராவைத் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். ஃபோகஸை ஓடுகிற பொருளைத் தொடர்கிற முறைக்கு மாற்றுங்கள். கேனனில் ஏஐ சர்வோ, நிகானில் ஏஎஃப்-சி. எதிரே வருகிற ஆட்டோவை வைத்து, கையை எடுக்காமல் ஒரு சரம் எடுங்கள். காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஷட்டர் ஒரே தாளத்தில் அடிக்கும். நடுவில் திக்கினால் ஏதோ இருக்கிறது. பிறகு படங்களைப் பெரிதாக்கி ஆட்டோவின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பத்தில் ஆறேழாவது துல்லியமாக இருக்க வேண்டும். எல்லாப் படத்திலும் பிளேட்டுக்கு ஓரடி பின்னாலேயே ஃபோகஸ் விழுந்தால் அது லென்ஸும் பாடியும் ஒத்துப்போகாத கோளாறு. 7டி, நிகான் டி7200, டி500 போன்றவற்றில் அதை மெனுவிலேயே சரிசெய்யலாம். ஆரம்பநிலை மாடல்களில் அந்த வசதி இருக்காது.

பழைய பில் இல்லாத கேமராவை நான் வாங்க மாட்டேன். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது.

எந்த மாடல் என்று கேட்பவர்களுக்கு: கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் 7டி அல்லது 70டி. கொஞ்சம் கூட்ட முடிந்தால் 2014-ல் வந்த 7டி மார்க் 2, நொடிக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளி. நிகான் பிரியர்கள் டி7200. நல்ல நிலையில் 2016-ன் டி500 மாட்டினால் யோசிக்காமல் எடுங்கள். ரேஸுக்கு அதற்கு மேல் ஒரு சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆர் வரவே இல்லை. நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய நிகான் லென்ஸ் சிலவற்றை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டியிருக்கும். லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 7டி வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். 2012-ல் கேனன் இலவசமாகக் கொடுத்த ஃபர்ம்வேர் ஒன்று, தொடர்ச்சியாக எடுக்கக்கூடிய ரா படங்களைப் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாக உயர்த்தியது. கல்யாணக்காரர்கள் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

பாடிக்கு ஒரு பங்கு என்றால் லென்ஸுக்கு இரண்டு பங்கு ஒதுக்குங்கள் என்பேன். ரேஸில் வண்டிக்குப் பக்கத்தில் போக முடியாது, 200 மி.மீ.-க்குக் குறைந்து வேலைக்கு ஆகாது. சின்ன சென்சார் கேமரா இதில் ஒரு சகாயம் செய்கிறது. கேனனில் 1.6 மடங்கு, நிகானில் 1.5 மடங்கு படம் நெருங்கி வரும். 55-250 எஸ்டிஎம் என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், 7டி-யில் 400 மி.மீ. லென்ஸ் மாதிரி வேலை செய்யும். எடை 375 கிராம்தான். என் படங்களில் பாதிக்கு மேல் அதில் எடுத்தவை. அடுத்த படி 70-200 எஃப் 4 அல்லது 100-400. முன்னாலும் பின்னாலும் இழுத்துத் தள்ளுகிற பழைய 100-400, தூசியை உள்ளே உறிஞ்சும் என்று பெயரெடுத்தது. டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். 150-600 லென்ஸ்கள் இரண்டு கிலோ பக்கம் வரும். முதல் லென்ஸாக அது வேண்டாம். மத்தியானத்துக்குள் தோள் கழன்றுவிடும்.

லென்ஸில் நம் ஊருக்கென்று ஒரு வியாதி உண்டு: பூஞ்சை. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் பூட்டிய பெட்டிக்குள் ஒரு மழைக்காலம் கிடந்த லென்ஸைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். துளையை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் செல்போன் டார்ச், மறுபக்கம் உங்கள் கண். சிலந்தி நூல் போல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை பிரிந்து போனால் அதுதான். பையைத் திறந்ததும் பழைய புத்தக வாசம் அடித்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். அதன் தவிடும் மாவும் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

சரி, டிராக்குக்கு வந்துவிட்டோம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற முதல் காரியம், ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கோ இரண்டாயிரத்துக்கோ ஏற்றுவது. படம் பளிச்சென்று வரும். வண்டி மட்டும் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். ஏன்? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிற பைக் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. பதினேழு அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து 1.9 மீட்டர் வரும். அப்படியென்றால் நொடிக்குப் பதினைந்து சுற்று. 1/1000 நொடியில் சக்கரம் திரும்புவது ஐந்து டிகிரிதான், ஸ்போக்ஸை எண்ணலாம். 1/60 நொடியில் அதே சக்கரம் கால் சுற்று சுற்றிவிடும்; ஸ்போக்ஸ் கரைந்து வட்டமாகத் தெரியும். பைக்கும் அந்த நேரத்தில் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். அந்த அரை மீட்டர் நகர்வில் கேமராவும் பைக்கோடு சேர்ந்தே திரும்பினால் பைக் துல்லியமாகவும், பின்னால் இருக்கிற புல், டயர் சுவர், விளம்பரப் பலகை எல்லாம் கோடு கோடாகவும் வரும். வேகம் அந்தக் கோடுகளில்தான் தெரியும். இதற்குப் பெயர் பேனிங். ரேஸ் போட்டோகிராபி என்பது முக்கால்வாசி இதுதான்.

கால் இரண்டும், நீங்கள் பட்டனை அழுத்தப் போகிற இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வண்டி வரும் திசையைப் பார்த்து இல்லை. காலை அசைக்காமல் இடுப்பிலிருந்து மேல் உடம்பை மட்டும் வண்டி வரும் பக்கம் திருப்பிக் காத்திருங்கள். இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கை இரண்டும் விலாவோடு. வண்டி தொலைவில் தெரிந்ததுமே ஓட்டுநரின் ஹெல்மெட்டின் மேல் ஃபோகஸ் புள்ளியை உட்கார வைத்து, கதவு கீலில் திரும்புவதுபோல ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே வாருங்கள். உடம்பின் முறுக்கு அவிழ்ந்து நேராகிற இடத்தில் அழுத்த வேண்டும். அழுத்தியதும் நின்றுவிடக் கூடாது. வண்டி கடந்த பின்னும் திரும்பிக்கொண்டே இருங்கள். வ்யூபைண்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் கண் சிமிட்டும். அந்த இருட்டிலும் இடுப்பு தன் வேலையை நிறுத்தக் கூடாது.

ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைத்து மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்கிற முறை போதும். கேனனில் டிவி, நிகானில் எஸ். 1/250-ல் ஆரம்பியுங்கள். கை பழகப் பழக 1/125, 1/80, 1/60 என்று இறங்குங்கள். 1/30-ல் நூற்றுக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம், அந்த ஒன்று சுவரில் மாட்டுகிற மாதிரி இருக்கும். நேர் எதிரே வருகிற வண்டிக்கு இது செல்லாது. அங்கே பேனிங்குக்கு வழி இல்லை, 1/1000 வேண்டும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, கட்டை விரல் இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். லென்ஸில் ஆட்டம் அடக்குகிற வசதி இருந்து, அதில் 1, 2 என்று சுவிட்ச் இருந்தால் 2-ல் வையுங்கள். அது பக்கவாட்டுத் திருப்பத்தை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும்.

இப்போது அந்தத் தூசி விஷயம். நம் ஊர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/60 என்றால் கேமரா துளையை எஃப் 20, 22 வரை இறுக்கிவிடும். வேறு வழியில்லை, வெளிச்சம் அவ்வளவு. அந்த இறுக்கத்தில்தான் சென்சார் தூசி ஒன்றுவிடாமல் படத்தில் வந்து உட்காரும். துளை அத்தனை சின்னதானால் ஒளி சிதறிப் படத்தின் கூர்மையும் மழுங்கும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் இது பெரிதாக வராது. மேகமூட்டத்தில் ரேஸ் நடத்துகிறவர்களுக்கு என்ன கவலை? நமக்கு மருந்து, லென்ஸ் முன்னால் மாட்டுகிற என்டி 8 ஃபில்டர். வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும். எஃப் 20 இருந்த இடத்தில் எஃப் 7.1 வந்துவிடும். வ்யூபைண்டர் சற்று இருளும், பழகிவிடும். கார் ரேஸ் என்றால் போலரைசர் மாட்டினால் ஒளியும் குறையும், முன் கண்ணாடியில் வானம் பளபளப்பதும் குறையும்.

வெயிலின் இன்னொரு தொல்லைக்கு மருந்து கிடையாது. பதினோரு மணிக்கு மேல் தார் கொதித்து, அதன் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். நீள லென்ஸில் தூரத்து வண்டியை எடுத்தால் தண்ணீருக்குள் போகிற மாதிரி வரும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் இதே கதி. ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் கேமராவை சர்வீஸுக்குக் கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் நன்றாக எடுங்கள். நடு மத்தியானத்தில் கிட்டே வருகிற வண்டிகளை மட்டும் எடுங்கள், அல்லது நிழலில் நிற்கிற மெக்கானிக்குகளை. கருப்பு லென்ஸ் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போட்டு வைக்க மறக்காதீர்கள்.

பேனிங்கில் ஹெல்மெட் துல்லியமாக இருக்கும், பின் சக்கரப் பக்கம் குழம்பியிருக்கும். இதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்து போகிறார்கள். அது கையின் குற்றம் இல்லை, கணக்கின் குற்றம். வண்டி நேர்கோட்டில் போகிறது, நீங்கள் வட்டத்தில் திரும்புகிறீர்கள். வண்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் உங்கள் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் கோணம் மாறுகின்றன. ஏதாவது ஒரு இடத்தைத்தான் நீங்கள் சரியாகத் தொடர முடியும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் இந்த வித்தியாசம் அதிகம். தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் குறைவு. இதிலிருந்து தப்ப அழகான ஒரு இடம் இருக்கிறது: வளைவின் உட்பக்கம். அங்கே வண்டியும் வட்டத்தில் போகிறது, நீங்கள் அந்த வட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள். தூரம் மாறாது, கோணமும் மாறாது. முழு வண்டியும் துல்லியமாக வரும். பைக்காரன் முழங்கால் தரையைத் தேய்க்கச் சாய்கிற இடமும் அதுதான்.

கேமராவைத் திருப்பி எடுப்பதில் ஒரு பழைய கதை உண்டு. பிரான்ஸில் ஜாக் ஆன்ரி லார்திக் என்று ஒருவர். இருபது வயதுகூட ஆகாதபோது, 1910-களில், பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஒரு படம் எடுத்தார். காரின் சக்கரம் முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்திருக்கும். பின்னால் நிற்கிற ஆட்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காலத்து ஷட்டர் மெதுவாக மேலிருந்து கீழாக நகர்ந்தது. அது நகர்ந்து முடிப்பதற்குள் கார் முன்னால் போய்விட்டது, கேமரா திரும்பியதில் கூட்டம் பின்னால் போய்விட்டது. வேகத்தைக் காட்டுகிற படம் என்றால் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நம் டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் திரை 1/250 நொடி அளவில் கடந்துவிடுவதால் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், மலிவான மிரர்லெஸ் கேமராவைச் சத்தமில்லாத ஷட்டரில் போட்டு ரேஸ் எடுத்தால் லார்திக்கின் முட்டைச் சக்கரம் திரும்பி வந்துவிடும். சென்சாரை வரிவரியாகப் படிக்க அவை எடுத்துக்கொள்கிற நேரம் அப்படி. பழைய பெட்டிக்கு இதிலும் ஒரு வெற்றி.

தோற்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயம் நடந்ததே, அந்த மாதிரி வெளிச்சத்தில் 7டி திணறும். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போனால் நிழல் பகுதியெல்லாம் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். அப்போதும் பேனிங் கை கொடுக்கும். ஷட்டரை 1/60-க்கு இறக்கினால் ஐஎஸ்ஓ பாதிக்குப் பாதி குறையும். இரவில் எதிரே வருகிற காரை உறைய வைத்து எடுக்க வேண்டுமென்றால் மட்டும் புதுக் கேமராவைக் கும்பிடத்தான் வேண்டும்.

பாஸ் இல்லாமல் டிராக் ஓரத்துக்கு யாரையும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆரம்பத்தில் பார்வையாளர் மேடையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் கம்பி வலை இருந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி, துளையை முழுதாகத் திறந்து வையுங்கள், வலை கரைந்துவிடும். ஷட்டரை மெதுவாக்கித் திருப்பினாலும் வலை பாதிக்கு மேல் மறையும். கோவையிலும் மற்ற ஊர்களிலும் நடக்கிற ராலிகளில் கிட்டே நிற்க வாய்ப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். வளைவின் வெளிப்பக்கம் ஒருநாளும் நிற்காதீர்கள். பிடி நழுவிய கார் போகிற பக்கம் அது. மேட்டில், வளைவின் உட்பக்கம், ஓடுவதற்கு ஒரு வழியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். வண்டி வருகிற திசைக்கு முதுகைக் காட்டி லென்ஸ் மாற்றாதீர்கள். மார்ஷல் "நகருங்க" என்றால் எதிர்க்கேள்வி இல்லாமல் நகர வேண்டும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்; அந்த நேரத்தில் கேமராவுக்கு வெளியே கண் இருக்கட்டும்.

பழகுவதற்கு ரேஸ் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, போகிற பஸ்களையும் பைக்குகளையும் 1/60-ல் எடுத்துப் பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் நின்றால் இடுப்பு பழகிவிடும். டிரைவரின் முகம் துல்லியமாக வர வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே பரீட்சை வைத்துக்கொள்ளலாம். ஈசிஆரில் ராத்திரி பைக் ரேஸ் விடுகிற பையன்களை மட்டும் எடுக்காதீர்கள். கேமராவைப் பார்த்தால் இன்னும் பத்து கிலோமீட்டர் கூட முறுக்குவார்கள். அடிபட்டால் அதில் போட்டோகிராபருக்கும் பங்கு உண்டு.

ஒரு நாள் ரேஸில் எண்ணூறு, ஆயிரம் படம் சேர்ந்துவிடும். அன்றைக்கு இரவே அழிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஹெல்மெட் கண்ணாடியில் கூர்மை இல்லையா, போகட்டும். வண்டி எண் தெரியவில்லையா, போகட்டும். வண்டி மூக்குக்கு முன்னால் போவதற்கு இடமில்லாமல் சட்டம் அடைத்திருக்கிறதா, அதுவும் போகட்டும். தொழிற்சாலையில் நான் ரிஜெக்ட் பெட்டிக்குத் தள்ளுகிற வேகத்தில் தள்ளுவேன். கடைசியில் பதினைந்து நின்றால் நல்ல நாள். அப்படி நின்றவற்றில் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து, அடுத்த ரேஸுக்கு முன்பே அமைப்பாளர்களுக்கோ ஏதாவது ஒரு அணிக்கோ அனுப்பிக் கேட்டால் பாஸ் கிடைக்க வழியுண்டு. அணிக்காரர்களுக்கு எப்போதும் படம் தேவை. ஸ்பான்சர் கம்பெனி இலவசமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பெட்ரோல் செலவாவது வாங்குங்கள். ஓட்டுகிற பையன்களுக்கு மட்டும் நான் சும்மா கொடுப்பேன். டயர் வாங்கவே கடன் வாங்குகிறவர்கள் அவர்கள்.

போன சீசனில் ஒரு பையனின் அப்பா பேடாக்கில் என்னைத் தேடி வந்தார். மகன் வளைவில் முழங்கால் உரசச் சாய்ந்த படம்; 1/80-ல் எடுத்தது, ஹெல்மெட்டின் கீறல்கூடத் தெரியும். செல்போனில் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பையன் மூஞ்சி தெரியலையே?"

"ஹெல்மெட் போட்டிருக்கானேண்ணே."

"அதான் சார், கழட்டிட்டு ஒண்ணு எடுங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

எடுத்துக் கொடுத்தேன். நிழலில் நிற்க வைத்து, 1/250-ல்.